ஹாரி டீன் ஸ்டான்டன்: சின்ன வேடங்களில் கழிந்த அறுபது ஆண்டுகள் வீணா?

ஆற்றங்கரை:

நண்பர்களுக்கு வணக்கம். கடந்த நான்கு மாதங்களாக ஹாரி டீன் ஸ்டான்டன் நடித்த படங்களைக் கிடைத்த வரையில் காலவரிசைப்படி பார்த்து வருகிறேன். பார்க்கப் பார்க்க மனத்தில் ஓர் ஆதங்கம் வளர்ந்துகொண்டே போகிறது. அதை இங்கே இறக்கி வைத்து, உங்கள் கருத்தையும் கேட்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இவரை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 1926 ஜூலை 14 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் வெஸ்ட் இர்வைன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை புகையிலை பயிரிட்டவர், முடிதிருத்தும் தொழிலும் செய்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்தார். போர் முடிந்து ஊர் திரும்பியபின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இதழியலும் வானொலியும் படித்தார். அங்கே மேடையேறிய அனுபவம் அவரைப் படிப்பை விட்டுவிட்டுக் கலிபோர்னியாவின் பாசடீனா பிளேஹவுஸ் நாடகப் பள்ளிக்குப் போக வைத்தது. 1950களின் நடுப்பகுதியில் தொலைக்காட்சியிலும் திரையிலும் தலைகாட்டத் தொடங்கியவர், 2017 செப்டம்பர் 15 அன்று தம் 91ஆம் வயதில் லாஸ் ஏஞ்சலஸில் மறையும் வரை நடித்துக்கொண்டே இருந்தார். திரைப்படங்கள் மட்டுமே நூறைத் தாண்டும்.

அந்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் அவரை நம்பி முழுக் கதையையும் ஒப்படைத்தவை என்று எண்ணினால் எனக்கு இரண்டுதான் தேறுகின்றன: 1984இல் வந்த 'பாரிஸ், டெக்சஸ்', 2017இல் வந்த 'லக்கி'. முதல் படம் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்றபோது அவருக்கு வயது 57. இரண்டாவது படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது அவர் இறந்து இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. ஆஸ்கருக்கு அவர் பெயர் ஒருமுறைகூடப் பரிந்துரைக்கப்படவில்லை. 'தி காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் சாட்சிக்குக் காவலிருக்கும் எஃப்.பி.ஐ. ஆளாக வருகிறார், போகிறார். அந்தப் பாத்திரத்துக்குப் பெயர்கூட இல்லை. இப்படிப்பட்ட ஒரு முகத்தை, இப்படிப்பட்ட ஒரு குரலைக் கையில் வைத்துக்கொண்டு, ஹாலிவுட் இத்தனை ஆண்டுகள் கதவோரத்திலேயே நிறுத்தி வைத்ததை வீணடிப்பு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

பின்னிருக்கை:

ஆற்றங்கரை ஐயா, தங்கள் ஆதங்கத்தின் பின்னால் இருக்கும் அன்பு புரிகிறது. ஆனால் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. கதாநாயக வேடம் என்பது நடிப்பின் உச்சிப்படி என்றும், அதற்குக் கீழே நிற்பவர்கள் எல்லாம் ஏறத் தவறியவர்கள் என்றும் எடுத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு சரிவரும். ஸ்டான்டனின் கலை அந்தப் படிக்கட்டில் இல்லை என்பது என் எண்ணம்.

ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1978இல் உலு குரோஸ்பார்ட் இயக்கிய 'ஸ்ட்ரெய்ட் டைம்' படத்தில், சிறையிலிருந்து வெளிவந்த மேக்ஸாக டஸ்டின் ஹாஃப்மன் நடித்திருக்கிறார். அவருடைய பழைய கூட்டாளி ஜெர்ரியாக ஸ்டான்டன். ஜெர்ரி இப்போது திருந்திவிட்டான்; வீடு, மனைவி, கொல்லையில் நீச்சல் குளம் என்று வாழ்கிறான். மேக்ஸ் பார்க்க வருகிறான். குளக்கரையில் உட்கார்ந்து நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மனைவி எதற்கோ உள்ளே போகிறாள். அவள் நகர்ந்ததும் ஜெர்ரி குரலை உயர்த்தாமல், முகத்தையும் மாற்றாமல், "என்னை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விடு" என்கிறான். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் அந்த மனிதன் எத்தனை இரவு தூக்கமில்லாமல் அந்தக் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்திருப்பான் என்பது நமக்கு விளங்கிவிடுகிறது. பிறகு நகைக்கடைக் கொள்ளையில் அவன் குண்டடிபட்டுச் சாகும்போது நமக்கு வலிப்பதற்குக் காரணம், அந்தக் குளக்கரையில் அவர் செலவழித்த சில நொடிகள்.

கதாநாயகனுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. தன்னை மெல்ல மெல்ல விளக்கிக்கொள்ளலாம். ஜெர்ரிக்கு அந்த வசதி இல்லை. வரும்போதே ஒரு முழு வாழ்க்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாக வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவரை அந்த வேலைக்கே வைத்துக்கொண்டதை நான் வீணடிப்பு என்று சொல்ல மாட்டேன்.

மணல்மேடு:

இருவர் சொல்வதிலும் விடுபடும் ஒன்று இருக்கிறது. அது பிழைப்பு. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சி முழுவதும் குதிரையும் துப்பாக்கியுமாக இருந்தது. 'கன்ஸ்மோக்', 'ராஹைட்', 'பொனான்சா' போன்ற தொடர்களில் வாராவாரம் ஊருக்கு ஒரு புதிய கெட்டவன் வர வேண்டும், அந்த வாரமே அவன் ஒழிய வேண்டும். அதற்கு ஒல்லியான உடம்பும் ஒடுங்கிய கன்னமும் கொண்ட ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஸ்டான்டனின் முகம் அதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. ஏறக்குறைய பத்தாண்டுகள் அவர் இந்த வேலையைத்தான் செய்தார். அப்போது ஹாரி ஸ்டான்டன் என்று இன்னொரு நடிகர் இருந்ததால், குழப்பம் வரக்கூடாது என்று பெயர் போடும் இடத்தில் இவர் வெறும் டீன் ஸ்டான்டன் ஆனார். தன் பெயரில் பாதியைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போன மனிதர்.

அந்தப் பத்தாண்டுகளை வீண் என்று சொல்வது எளிது. ஆனால் கேமராவுக்கு முன்னால் பதற்றமில்லாமல் நிற்கக் கற்றுக்கொள்வதற்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை. காலையில் போனால் மாலைக்குள் உங்கள் காட்சிகளை முடித்துவிடுவார்கள். இரண்டாவது முறை எடுக்க நேரம் இருக்காது.

தென்னங்கீற்று:

ஒரு சந்தேகம். 'பாரிஸ், டெக்சஸ்' படத்தில் டீன் என்ற பெயரில் நடித்தவர் தம்பியாக வருபவர் அல்லவா? இருவரும் ஒருவரா?

மணல்மேடு:

இல்லை தம்பி. தம்பி வால்ட்டாக வருபவர் டீன் ஸ்டாக்வெல். அண்ணன் டிராவிஸாக வருபவர்தான் நம்மவர். ஒரே படத்தில் இரண்டு டீன்கள் இருப்பதால் இந்தக் குழப்பம் பலருக்கும் வருவதுண்டு.

பின்னிருக்கை:

மணல்மேடு சொன்ன பள்ளிக்கூடத்தைத் தொடர்ந்து ஒரு செய்தி. ஜாக் நிக்கல்சனும் ஸ்டான்டனும் நெருங்கிய நண்பர்கள். ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள். 1962இல் நிக்கல்சன் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் ஸ்டான்டன். 1960களின் நடுவில் மான்டி ஹெல்மன் இயக்கிய 'ரைடு இன் தி வேர்ல்விண்ட்' படத்துக்குக் கதை எழுதியவர் நிக்கல்சன். அதில் ஒற்றைக் கண்ணை மூடிக்கட்டிய கொள்ளைக் கூட்டத் தலைவன் வேடத்தை நண்பருக்குக் கொடுத்தபோது அவர் சொன்ன அறிவுரையைப் பிற்காலத்தில் ஸ்டான்டன் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நீ ஒன்றும் செய்யாதே, உடுப்பே வேடத்தைப் பார்த்துக்கொள்ளும், நீ நீயாக இரு என்பதே அதன் சாரம்.

அதற்கு முன்பு அவர் நடித்த தொலைக்காட்சிப் பகுதிகளையும் அதற்குப் பின்பு நடித்தவற்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். முன்பு கெட்டவன் என்றால் கண்ணை இடுக்குவார், வாயைக் கோணுவார். பின்பு அதெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. ஒன்றும் செய்யாமல் இருப்பது என்றால் சும்மா நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். எதிரில் நிற்பவர் பேசுவதை உண்மையாகவே காதில் வாங்கிக்கொண்டு நிற்பது அது. ஸ்டான்டன் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சிகளை மட்டும் தனியே பாருங்கள் ஐயா. அவர் பேசும் காட்சிகளைவிட அவையே கனமானவை.

ஆற்றங்கரை:

பின்னிருக்கை, 'ஸ்ட்ரெய்ட் டைம்' காட்சியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அந்தப் படத்தைப் பார்த்திருந்தும் அந்த வாக்கியம் என் மனத்தில் தங்கவில்லை. இன்று மறுபடி பார்க்கப் போகிறேன்.

ஆனாலும் நான் இன்னும் சமாதானம் ஆகவில்லை. 1984ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஆண்டில் 'பாரிஸ், டெக்சஸ்' வந்தது. அலெக்ஸ் காக்ஸ் இயக்கிய 'ரெப்போ மேன்' படமும் வந்தது. தவணை தவறியவர்களின் வண்டிகளைத் தூக்கி வரும் வேலையில் ஊறிப்போன பட் என்ற மனிதராக, ஓர் இளைஞனுக்குத் தொழில் தர்மம் போதித்துக்கொண்டே வருகிறார். 'ரெட் டான்' படத்தில் முள்வேலிக்குப் பின்னால் அடைபட்டு, தப்பி வந்து பார்க்கும் பிள்ளைகளிடம் பழிவாங்கும்படி கத்தும் தந்தையாகச் சில நிமிடங்கள் வருகிறார். மூன்றும் ஒரே ஆண்டில், மூன்றும் வெவ்வேறு மனிதர்கள். இத்தனை விரிவு உள்ளவரிடம் அடுத்த முப்பது ஆண்டுகளில் இன்னும் நான்கு கதைகளையாவது ஒப்படைத்திருக்கலாமே என்பதுதான் என் கேள்வி. சின்ன வேடங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெரிய வேடம் கிடைத்தபோது அவர் செய்ததைப் பார்த்தபின் எனக்குப் பசி அடங்கவில்லை.

நிலாமுற்றம்:

இந்த இழையைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். 'பாரிஸ், டெக்சஸ்' பற்றி யாரும் இன்னும் விரிவாகப் பேசவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். என் வாழ்க்கையில் அதிக முறை பார்த்த படம் அதுதான்.

அந்த வேடம் அவருக்கு வந்த விதமே தனி. நியூ மெக்சிகோவில் சான்டா ஃபே நகரின் மதுக்கடை ஒன்றில் நாடகாசிரியர் சாம் ஷெப்பர்டுடன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, உணர்ச்சியும் அழகும் உள்ள ஒரு வேடத்தில் நடிக்க வேண்டும் என்ற தம் ஏக்கத்தைச் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாளில் ஷெப்பர்டிடமிருந்து அழைப்பு வந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த விம் வெண்டர்ஸ் இயக்கம், ராபி முல்லர் ஒளிப்பதிவு, ரை கூடர் இசை. படப்பிடிப்பு தொடங்கியபோது கதையின் பிற்பகுதி எழுதி முடிக்கப்பட்டிருக்கவில்லை.

டெக்சஸ் பாலைவெளியில் சிவப்புத் தொப்பியும் கோட்டுமாக ஒருவர் நடந்து வருகிறார். கையிலிருந்த கேனில் கடைசிச் சொட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு மேலும் நடக்கிறார். படம் தொடங்கி இருபது நிமிடங்களுக்கு மேல் அவர் வாயைத் திறப்பதில்லை. தம்பி கேட்கிறார், கெஞ்சுகிறார், கோபப்படுகிறார், பதில் இல்லை. ஆனால் அந்த மௌனத்தில் சலிப்பு இல்லை. பேச்சு என்ற ஒன்றை எங்கோ வைத்துவிட்டு மறந்துபோனவர்போல அவர் முகம் தேடிக்கொண்டே இருக்கிறது.

பிற்பாதியில் கண்ணாடிக் காட்சி. பணம் கொடுத்துப் பெண்களைப் பார்க்கும் இடத்தில், நடுவில் ஒருபக்கக் கண்ணாடி. இவருக்குப் பிரிந்துபோன மனைவி ஜேன் தெரிகிறாள். அவளுக்கு இவர் தெரியமாட்டார். நஸ்டாசியா கின்ஸ்கி ஜேனாக நடிக்கிறார். டிராவிஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, தொலைபேசியைக் காதில் வைத்து, எனக்குத் தெரிந்த இருவர் இருந்தார்கள் என்று யாரோ ஒருவர் கதைபோல ஆரம்பிக்கிறார். ஓர் ஆண் தன் பொறாமையால் ஒரு பெண்ணையும் ஒரு குடும்பத்தையும் எப்படி எரித்தான் என்பதை, அழுகை இல்லாமல், அவசரம் இல்லாமல், கென்டக்கி மண்ணின் இழுவை கலந்த குரலில் சொல்லிக்கொண்டே போகிறார். எந்த வரியில் ஜேனுக்கு இது யார் என்று புரிகிறது என்பதை அவள் முகத்தில் பார்க்கலாம். அவரோ அவளைப் பார்க்காமலேயே இருக்கிறார். கடைசியில் அவள் தன் பக்க விளக்கை அணைக்கிறாள், அவர் தன் பக்க விளக்கைத் தன் முகத்தின்மேல் திருப்புகிறார். இத்தனை நேரம் தெரியாத முகம் அவளுக்குத் தெரிகிறது. இத்தனை நீளமான பேச்சைக் கதாநாயக நடிப்பு பழகிய ஒருவரிடம் கொடுத்திருந்தால் எங்காவது ஓரிடத்தில் நம்மை அழவைக்க முயன்றிருப்பார். முப்பதாண்டுகள் காட்சியின் ஓரத்தில் நின்று பழகியவர் என்பதால்தான் தன் முகத்தை மறைத்துக்கொண்டு அவளுக்கு அந்தக் காட்சியைக் கொடுக்க முடிந்தது.

இந்த வேடம் கிடைத்தபின், இதற்குமேல் ஒரு படமும் நடிக்காவிட்டாலும் மகிழ்ச்சிதான் என்று அவர் சொன்னார். ஆற்றங்கரை அவர்களே, பசி தங்களுக்குத்தான் அடங்கவில்லை. அவருக்கு அடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. அவர் பாடகரும்கூட. சொந்தமாக இசைக்குழு வைத்து லாஸ் ஏஞ்சலஸ் விடுதிகளில் பாடியவர். 'கூல் ஹேண்ட் லூக்' படத்தில் கைதிகளுக்கு நடுவே கிட்டாருடன் பக்திப் பாடல் பாடுபவர் அவரேதான். 'பாரிஸ், டெக்சஸ்' இசைத் தொகுப்பில் 'கான்சியோன் மிக்ஸ்டெகா' என்ற மெக்சிகோ பாடலை ஸ்பானிய மொழியில் பாடியிருக்கிறார். பிறந்த மண்ணை விட்டு எங்கோ தொலைவில் கிடப்பவனின் பாட்டு அது. சுருதி சுத்தம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கேளுங்கள்.

கல்தூண்:

விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு விதி வகுத்திருந்தார்: ஹாரி டீன் ஸ்டான்டனோ எம். எம்மெட் வால்ஷோ துணை வேடத்தில் இருக்கும் எந்தப் படமும் முழுக்க மோசமாக இருக்க முடியாது என்று. ஸ்டான்டன் நடித்த 1989ஆம் ஆண்டுப் படம் ஒன்று அந்த விதியை மீறிவிட்டது என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார் என்பது வேறு. நீங்கள் பேசும் 'ஸ்ட்ரெய்ட் டைம்' படத்தில் வால்ஷும் இருக்கிறார், நன்னடத்தை அதிகாரியாக. அந்தக் கணக்கில் அது இரட்டைக் காப்பீடு உள்ள படம்.

விதியைக் கவனித்தால் அதில் துணை வேடம் என்ற சொல் இருக்கிறது. அவர்கள் நாயகர்களாக இருந்தால் படம் நன்றாக இருக்கும் என்று ஈபர்ட் சொல்லவில்லை. மூன்று நிமிடம் வந்தாலும் அந்த மூன்று நிமிடத்தில் படத்துக்குள் ஓர் உண்மை மனிதர் இருப்பார் என்பதே அவர் உத்தரவாதம். 'ஏலியன்' படத்தில் பிரெட்டைப் பாருங்கள். விண்கலத்தில் ஏழு பேர்; அவர்களில் பிரெட் எந்திர அறைக்காரர். தொப்பி, பூப்போட்ட சட்டை, எதற்கும் சரி என்று ஒரு சொல். சம்பளப் பங்கு குறைவு என்பது அவருக்கும் கூட்டாளி பார்க்கருக்கும் குறை. எதிர்காலத்தில் நடக்கும் கதைக்குள் நம் தெருமுனைப் பட்டறைக்காரர் ஒருவர் நுழைந்துவிட்டதுபோல் இருக்கும். பூனையைத் தேடிப் போகிறவர், சங்கிலிகள் தொங்கும் கூடத்தில் மேலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து, தொப்பியைக் கழற்றி முகத்தை நிமிர்த்தி அப்படியே நிற்கிறார். வேலை செய்து வியர்த்தவனுக்கு அந்தக் குளிர்ச்சி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த ஒரு கணச் சுகத்துக்குப் பிறகு அவர் பூதத்திடம் சிக்குவது அதனால்தான் அப்படி உலுக்குகிறது. தமக்கு விண்வெளிப் படங்களும் பூதப் படங்களும் பிடிக்காது என்று இயக்குநர் ரிட்லி ஸ்காட்டிடம் நேர்காணலின்போதே சொன்னவர் இவர்.

மணல்மேடு:

கல்தூண் சொன்னதற்கு இன்னொரு சான்று. 1999இல் டேவிட் லின்ச் இயக்கிய 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி'. ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வொர்த் நடிக்கும் முதியவர், அயோவாவிலிருந்து விஸ்கான்சினுக்கு, பேச்சுவார்த்தை அறுந்துபோன, நோயுற்ற சகோதரனோடு உறவைச் சேர்த்துக்கொள்ளப் புல்வெட்டும் வண்டியிலேயே போகிறார். படம் முழுவதும் அந்த லைல் என்ற சகோதரன் பெயராக மட்டுமே இருக்கிறான். கடைசியில் நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வருகிறவர் ஸ்டான்டன். உட்கார் என்கிறார். வண்டியைப் பார்க்கிறார். என்னைப் பார்க்க இதிலேயா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்கிறார். ஆமாம் என்று பதில் வருகிறது. கண் கலங்குகிறது, இருவரும் வானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், படம் முடிகிறது. இரண்டு மணி நேரப் பயணத்தின் முழுப் பாரத்தையும் இரண்டு நிமிடத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய வேடம் அது. அந்தக் கதவைத் திறந்து வேறு யார் வந்திருந்தாலும் நான் எழுந்து போயிருப்பேன்.

தென்னங்கீற்று:

'லக்கி' பற்றியும் யாராவது எழுதுங்கள். ஸ்டான்டன் போரில் சண்டையிட்டதாக அதில் வருகிறதே, உண்மையா?

ஆற்றங்கரை:

தென்னங்கீற்று, அவர் துப்பாக்கி ஏந்திய காலாள் அல்ல. டாங்கிகளைக் கரையிறக்கும் கப்பலில் சமையற்காரராக இருந்தார். 1945இல் ஒகினாவா போரின்போது அந்தக் கப்பல் அங்கே இருந்தது. 'லக்கி' படத்தின் நாயகனும் கடற்படைச் சமையற்காரன்தான். எழுதியவர்களில் ஒருவர் அவருக்கு நீண்டகாலம் நெருக்கமாக இருந்தவர் என்பதால் அவர் வாழ்க்கையிலிருந்தே பலவற்றை எடுத்துக் கோத்திருக்கிறார்கள். இயக்கியவர் ஜான் கரோல் லின்ச். அவரும் ஆண்டுக்கணக்கில் துணை வேடங்களில் நடித்தவர் என்பது இந்த இழைக்குப் பொருத்தமான செய்தி.

அதில் உணவகக் காட்சி ஒன்று. 'ஏலியன்' கப்பலின் தலைவராக வந்த டாம் ஸ்கெரிட், முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, முன்னாள் மரைன் படை வீரராக வந்து பக்கத்தில் உட்கார்கிறார். ஒகினாவாவில் மரணத்தை எதிர்பார்த்து நின்ற ஒரு சிறுமி தன்னைப் பார்த்துச் சிரித்ததைச் சொல்கிறார். ஸ்டான்டன் கேட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று அந்தக் காட்சியைப் பின்னிருக்கை சொன்னபடி, பேசுபவரை விட்டுவிட்டுக் கேட்பவரை மட்டும் பார்த்தேன். சுமார் எழுபது ஆண்டுகளுக்கு முன் அதே கடற்கரையோரம் கப்பலில் சோறு சமைத்த இளைஞன் அந்த முகத்தில் எங்கோ இருக்கிறான். அவர் எதையும் காட்டவில்லை. இமைகூட அதிகம் அசையவில்லை.

பிறகு 'ஸ்ட்ரெய்ட் டைம்' குளக்கரைக் காட்சியையும் இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தேன். "என்னை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விடு" என்பதற்கு முன்பு, மனைவி போன திசையை அவர் ஒருமுறை பார்க்கிறார். வெறுப்பில்லாத பார்வை. அவளை விட்டுப் போகப் போகிறோமே என்ற வருத்தமும் அதில் இருக்கிறது. வீணடிப்பு என்ற சொல்லை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இன்னும் நான்கு கதைகள் கிடைத்திருக்கலாம் என்ற ஆசையை மட்டும் வைத்துக்கொள்கிறேன், அதை நீங்கள் யாரும் பறிக்க முடியாது.

அடுத்து 2017ஆம் ஆண்டின் 'ட்வின் பீக்ஸ்' தொடரில் அவர் வரும் பகுதிகள். தெருவில் வண்டி மோதி இறந்த சிறுவனின் தாய்க்கு அருகே போய் மண்டியிட்டு, அவள் தோளில் கைவைக்கும் காட்சி வரை வந்திருக்கிறேன். அதற்குமேல் ஓட்ட மனம் வரவில்லை. நாளை தொடர்கிறேன்.